தானாக இறங்கும் லென்ஸ்

கேமராவைக் கவிழ்த்துப் பிடித்ததும் லென்ஸ் தானாகவே நீண்டு இறங்கியது.

"என்ன அண்ணி இது, லென்ஸா, சளி பிடிச்ச மூக்கா? அதுபாட்டுக்கு ஒழுகுது" என்றான் கொழுந்தன்.

பழுதுபார்க்கும் மேஜையிலிருந்து அவள் நிமிரவில்லை. ஸ்டுடியோவின் முன்பக்கம் அவள் ராஜ்ஜியம். ஊர்க் கேமராக்களெல்லாம் அவளிடம்தான் வயிற்றைத் திறந்து காட்டும்.

"முன்னால அவ்வளவு கனமான கண்ணாடி இருந்தா இறங்கத்தான் செய்யும். இறுக்கினா இறங்காது, ஆனா வளையத்தைத் திருப்பவும் வராது. ரெண்டுல ஒண்ணுதான் கிடைக்கும். செஞ்சவனுக்கே அந்தக் கதி, நீ வேற."

அவன் விடுவதாயில்லை. போன மாதம் வரை இரும்பாக இருந்த லென்ஸ். மாடியிலிருந்து குனிந்து எடுத்தால் மணமக்கள் தாமாகவே பெரிதாகிக்கொண்டு வருவார்கள். படம் கலங்கினால் பெண் வீட்டாரிடம் யார் வாங்கிக் கட்டிக்கொள்வது? நீளும் லென்ஸ் குழாயைப் பிடித்து நிறுத்த ரப்பர் பட்டை ஒன்றைக் கையோடு கொண்டுவந்திருந்தான்.

"குனிஞ்சு எடுக்குறதெல்லாம் நீ எடு. நேரா பாத்து எடுக்குறது உங்க அண்ணன். பட்டைய மாட்டின, கைய ஒடிச்சிடுவேன்."

சொன்ன குரலில் துளிச் சந்தேகம் இல்லை.

அண்ணன் உள்ளிருந்து வந்தார். பக்கவாதத்தில் படுத்து எழுந்தபின் ஒப்புக்கொண்ட முதல் கல்யாணம் இன்று. இடக்கை விரல்கள் இன்னமும் டம்ளரை நழுவவிடுகின்றன. போன மாதம் இதே லென்ஸின் ஜூம் வளையத்தோடு மல்லுக்கட்டித் தோற்று, கேமராவை மேஜைமேல் வைத்தவர், "இன்னொரு தடவை பாக்குறேன். வரலைன்னா வித்துடு" என்று மட்டும் சொல்லியிருந்தார்.

இப்போது கேமராவைக் கண்ணில் வைத்தார். இடக்கை அடியில் போய் வளையத்தைத் தொட்டது.

வெண்ணெயாகத் திரும்பியது.

மறுபடி திருப்பினார். தேவையே இல்லாமல் இன்னொரு முறையும்.

"விரலுக்குத் தெம்பு வந்துருச்சுடா." சொன்னது தம்பியிடம், பார்வை மனைவிமேல்.

"வரும்னு நான்தான் அன்னைக்கே சொன்னேனே" என்றாள் அவள்.

லென்ஸுக்குள்ளே குழாயைக் கவ்விப் பிடிக்கும் நாடாவை, அவர் மத்தியானத் தூக்கத்தில் இருந்த நேரம் பார்த்து, பிசிறு விடாமல் உரித்தெடுத்தவளும் அவள்தான்.

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, தம்பிக்கு முன்னால் அவர் படியிறங்கினார்.