ஓலைச் சிலுவையும் பல்லியும்

சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஒரு சொல் பொய்யென்றாலும் என் மீசையை மழித்துக்கொள்கிறேன்!

மரியபுஷ்பம் வீட்டு மாதா படத்துக்குப் பின்னால் ஓர் ஆணியில் ஓலைச் சிலுவை ஒன்று செருகிக் கிடந்தது. போன குருத்தோலை ஞாயிறன்று பவனியில் அவள் அதை உயர்த்திப் பிடித்து ஓசன்னா பாடியிருந்தாள். அன்றிலிருந்து அதற்கு வேறு பேச்சே கிடையாது.

"அந்தப் பாட்டு, அந்தக் காத்து..." என்று ஆரம்பித்தாலே பக்கத்திலிருந்த பல்லி கொட்டாவி விடும். "போதும் அண்ணாச்சி! நீங்க பச்சையா இருந்த கதைய எத்தனை தடவை கேக்குறது?"

சாம்பல் புதன் நெருங்கியது. பழைய ஓலைகளைக் கோயிலில் எரித்து, அந்தச் சாம்பலை நெற்றியில் பூசுவார்கள். மரியபுஷ்பம் கை நீட்டியதும் ஓலை ஆணியை இறுகப் பிடித்துக்கொண்டது.

"நான் போயிட்டா அந்த ஞாயித்துக்கிழமைய யாருடா நெனைப்பா?"

"யாரும் நெனைக்க மாட்டாங்கதான். ஆனா இங்கேயே கிடந்தீங்களே, அது திரும்பி வந்துச்சா அண்ணாச்சி?"

ஓலை மெல்லப் பிடியை விட்டது.

புதனன்று மரியபுஷ்பம் நெற்றியில் சாம்பலோடு வந்தாள்.

"அண்ணாச்சி! பாட்டுக் கேட்டுச்சா?"

"இல்லடா," என்றது நெற்றியிலிருந்த சாம்பல். "ஆனா இவ ஆஸ்பத்திரிக்கு அக்காளைப் பாக்கப் போறா, நானும் போறேன். இவ முகம் கழுவுற வரைக்கும்தான் எனக்கு நேரம். பேச்சுக் கொடுக்காதே!"

அன்றிரவு பல்லிக்குத் தூக்கம் வரவில்லை. காலியான ஆணியருகே போய், "அந்தப் பாட்டு, அந்தக் காத்து..." என்று தானே சொல்லிப் பார்த்ததாம்.

இதை எனக்குச் சொன்னது யாரென்று மட்டும் யாரிடமும் மூச்சு விடாதீர்கள். பல்லி கூச்சப்படும்.