கோழி ஊசி

ஃப்ரிட்ஜில் முட்டைத் தட்டுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்த நீல டப்பாவைக் காணோம்!

கந்தவேல் முட்டைத் தட்டையே வெளியே எடுத்து வைத்துத் தேடினான்.

"மலரு! இங்க இருந்த கோழி ஊசி எங்க?"

"அதுங்களா? பக்கத்து ஊட்டுப் பாவாயி அக்காகிட்டக் குடுத்துட்டேனுங்க!" என்று சொல்லிக்கொண்டே மலர்விழி குளிக்கப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

போச்சு!

கோழி ஊசியாவது ஒன்றாவது! அது கந்தவேல் தனக்குத்தானே போட்டுக்கொள்கிற ஊசி. சர்க்கரை வியாதி வந்ததிலிருந்து தாம்பத்தியத்தில் ஆள் ஒடுங்கிப் போயிருந்தான். மாத்திரையும் கேட்கவில்லை. சேலத்து டாக்டர்தான், "இதுவும் ஒரு வியாதிதாங்க, வெக்கப்படாதீங்க" என்று அந்த ஊசியை எழுதிக் கொடுத்து, போட்டுக்கொள்ளவும் பழக்கிவிட்டார். என்ன, குளிரிலேயே வைத்திருக்க வேண்டும்.

நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணை சூப்பர்வைசர் வீட்டு ஃப்ரிட்ஜில் ஊசி இருந்தால் யார் கேட்கப் போகிறார்கள்? "பண்ணைக் கோழிக்கு" என்று மனைவியிடமே சொல்லி வைத்தான்.

அவளிடம் உண்மையைச் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் மலர்விழி வாயில் எதுவும் தங்காதே! இந்த வீட்டுக் குழம்பில் உப்பு கூடினால் ராசிபுரம் பஸ்ஸில் போகிறவர்களுக்கெல்லாம் தெரிந்துவிடும்.

பாவாயி அக்கா வளர்ப்பதோ நாட்டுக்கோழி. செருப்புகூடப் போடாமல் ஓடினான்.

காம்பவுண்டுச் சுவர் மேல் சேவல் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றது. கந்தவேல் அதை உற்றுப் பார்த்தான். போட்டாச்சா, போடலையா? போட்டிருந்தால் சேவலுக்கு என்ன ஆகும்? இதைப் போய் எந்த டாக்டரிடம் கேட்பது? ஒன்றும் புரியவில்லை.

"அக்கா... அந்த ஊசி... கோழிக்குப் போட்டுட்டீங்களா?"

பாவாயி அக்கா அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"உள்ள வா சாமி. உங்க ஃப்ரிட்ஜு காலைல இருந்து ஓடலையாமா. சூடு பட்டாக் கெட்டுப்போயிரும்னு மலருதான் கொண்டாந்து என்ற ஃப்ரிட்ஜுல வெச்சுட்டுப் போனா."

ஆமாம், ஃப்ரிட்ஜைத் திறந்தபோது லைட் எரியவில்லை! கந்தவேலுக்கு உயிர் வந்தது.

"என்ற கோழி ஒண்ணு ரெண்டு நாளாத் தூங்கி வழியுது. அதுக்கு ஒரு ஊசி போட்டு உடட்டுமான்னு கேட்டேன். அப்பத்தான் புள்ள அழுவாத கொறையா உண்மையச் சொல்லிப்போட்டா."

வந்த உயிர் திரும்பப் போனது. மலருக்கு எப்படித் தெரிந்தது? எப்போதிருந்து தெரியும்? தெரிந்தும் ஒரு வார்த்தை கேட்கவில்லையே! இனி எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு தெருவில் நடப்பது?

"எ... என்ன சொன்னா?"

"'இது கோழி ஊசி இல்லீங்க்கா, எனக்குப் போடற ஊசி. பொம்பளைக் கோளாறு. வெளிய சொல்லிப்போடாதீங்க'ன்னா."

கந்தவேல் தலையைக் குனிந்துகொண்டான்.

"நீ எதுக்கு சாமி தலையக் குனியறே? பொண்டாட்டி மானம் போயிறக் கூடாதுன்னு இத்தன நாளும் கோழி ஊசின்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சிருக்கியே... உன்னையாட்டம் ஒரு புருசன் கெடைக்க அவ குடுத்து வெச்சிருக்கோணும்!"