ரவைப் பசை

இடப்பக்கத் தோலில் ரவைப் பசை அப்பாமல் மிருதங்கம் வாசித்தால், அட்டைப்பெட்டியைத் தட்டுவதுபோல்தான் கேட்கும். மேகநாதன் அன்றைய கச்சேரியில் வேண்டுமென்றே அப்படி வாசித்தார். அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. எல்லோர் காதிலும் நாதத்தையும் குரலையும் செம்மைப்படுத்தும் சில்லு இருந்தது. அவர் மட்டும் தன்னுடையதைப் பிடுங்கி எறிந்திருந்தார்.

முன்வரிசையில் உட்கார்ந்து கேட்ட மனைவி வாசுகியிடம், வீட்டுக்கு வந்ததும் கேட்டார். "நீயாவது சொல்லு. இன்னிக்கு எப்படி இருந்துச்சு?"

"எப்பவும்போல பிரமாதங்க. தோசை ஊத்தட்டுமா?"

"வேணாம், பசியில்ல." சொல்லும்போதே அவர் குரல் உடைந்து தேம்பலாயிற்று.

அடுப்பைப் பார்த்து நின்றிருந்த வாசுகியின் காதில் அது கணீரென்று விழுந்தது.

"சரிங்க, மாவை மூடி வெச்சிடறேன்" என்றாள்.