பாட்டுக்குள் ஒரு சங்கு

பிற்பகல் வெயில் ஜன்னல் கம்பிகளின் நிழலைச் சுரங்கத் தொழிலாளர் குவார்ட்டர்ஸ் தரையில் நீளநீளமாகப் போட்டு வைத்திருக்கிறது. ஸ்பீக்கரில் இளவேனிலின் முதல் இசைத்தொகுப்பு ஓடுகிறது. கிடார் அவள், பேஸும் டிரம்ஸும் தோழிகள் இருவர். குறிஞ்சிப்பாடிப் பக்கத்து நடவுப் பாட்டொன்றை எடுத்து, அடுத்து எங்கே போகும் என்று மூவருக்குமே தெரியாதபடி ஜாஸில் அலையவிட்டிருக்கிறார்கள். சுரங்கத்தில் கிடைக்கவிருந்த வேலையை வேண்டாமென்று அவள் கிடாரைத் தூக்கிய நாளிலிருந்து அதை ஒருமுறைகூடக் காதுகொடுத்துக் கேட்காத அப்பா பரமசிவம், இன்று பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் போல நாற்காலி நுனியில் உட்கார்ந்திருக்கிறார். முகத்தைப் பார்க்கப் பயந்து அவள் அவருடைய கால் கட்டைவிரலையே பார்க்கிறாள். அது அசையவில்லை. கிடார் பாட்டை விட்டு விலகிப் போகிறது, டிரம்ஸ் அடங்குகிறது, தூரத்தில் சுரங்கத்தின் ஷிஃப்ட் சங்கு ஊதுகிறது. பரமசிவம் விருட்டென்று எழுந்து ஹெல்மெட்டைத் தலையில் கவிழ்த்து, ஒரு காலைப் பூட்ஸுக்குள் நுழைத்துவிடுகிறார். "அப்பா, இன்னைக்கு உங்களுக்கு ஆஃப். அது பாட்டுல வர்ற சங்கு. நீங்க செகண்ட் ஷிஃப்ட் போனப்ப இந்த ரூம்லதான் ரெக்கார்டு பண்ணோம். உள்ள வந்துடுச்சு, நல்லாருக்குன்னு விட்டுட்டோம்." அவர் ஸ்பீக்கரைப் பார்க்கிறார். சங்கு ஓயும் சுருதியைப் பிடித்துக்கொண்டு கிடார் மெல்ல நடவுப் பாட்டுக்குத் திரும்புகிறது. "அப்ப நான் உள்ள போறப்ப ஊதுனதா இது?" என்று கேட்கும்போதே அவர் தோள் சிரிப்பில் குலுங்குகிறது. இளவேனில் இப்போதுதான் அவர் முகத்தைப் பார்க்கிறாள். "மொதல்லேர்ந்து போடும்மா" என்று சொல்லி, ஹெல்மெட்டைக் கழற்றாமலே நாற்காலியில் நன்றாகச் சாய்கிறார். ஒற்றைப் பூட்ஸ் தரையில் தாளம் தட்டத் தொடங்குகிறது.