வானத்துக்கு நாற்பது பழம்

1963 மார்கழி. கொடைக்கானல் பஸ் நிலையத்தில் முதல் பஸ்ஸின் முன்விளக்கு மூடுபனியை மஞ்சளாக்கிக்கொண்டிருக்கிறது. டிக்கெட் ஜன்னலில் நிற்கும் ஜோசப்பினம்மாள் கையில் பை நிறைய எலுமிச்சம்பழம். இந்த மலைப்பாதையில் மைல்கற்கள் உண்டு. ஆனால் வளைவுகளில் வாந்தி வராமலிருக்க எல்லோரும் கண்ணை மூடிப் பழத்தை முகர்ந்தபடியே போவதால் அவற்றை வாசித்தவர் இதுவரை இல்லை. தூரத்தைப் பழத்தால் அளப்பதே வழக்கம். மதுரை எழுபத்தைந்து மைல், அதாவது இரண்டு பழம். கௌஹாத்தியில் மகள் இசபெல்லாவுக்கு அடுத்த வாரம் தலைப்பிரசவம். ரயிலில் வந்தால் பிறந்த பிள்ளையே ஸ்டேஷனுக்கு வந்து உங்களை அழைத்துப்போகும் என்று எழுதி, மருமகன் விமான டிக்கெட் அனுப்பியிருக்கிறான். அதை ஜன்னலுக்குள் இருக்கும் செபாஸ்டின் விரலால் தடவித் தடவி வாசிக்கிறான்.

"மதுரையிலேருந்து ஆயிரத்து ஐநூறு மைல் இருக்குக்கா. பத்து மணி நேரம் பறக்கணும்."

"அதான் கொண்டாந்துருக்கேன். ரெண்டு மதுரைக்கு, நாப்பது வானத்துக்கு."

"வானத்துல வளைவே கெடையாதுக்கா. ஒரு பழம்கூட வேணாம்."

"வளைவே இல்லாத ரோட்டுக்கு எதுக்குப்பா பத்து மணி நேரம்?"

செபாஸ்டின் டிக்கெட்டைத் திருப்பிக் கொடுக்கிறான். டிரைவர் ஹாரன் அடிக்கிறார். ஜோசப்பினம்மாள் இரண்டு பழத்தை மட்டும் முந்தானையில் முடிந்துகொண்டு, பையை ஜன்னலுக்குள் தள்ளுகிறாள்.

"வளைவு இல்லேன்னா சரி, இத உப்புப் போட்டு ஊற வையி. பேரப்பிள்ளையத் தூக்கிட்டு வந்து சோத்துக்குத் தொட்டுக்கிறேன்."