இடது கதவின் அடம்

ஒரு சிவப்பு ஸ்போர்ட்ஸ் காருக்கு இரண்டே கதவுகள். வலது கதவை முதலாளி தினமும் திறப்பார், சாத்துவார். இடது கதவைத் தொடுவதற்கு எப்போதாவது ஒரு விருந்தாளி வந்தால்தான் உண்டு.

விலை உயர்ந்த வண்டியாயிற்றே என்று, வந்தவர்கள் அதைப் பூப்போலச் சாத்துவார்கள். இடது கதவு வேண்டுமென்றே பூட்டில் விழாமல் நிற்கும். "சரியா சாத்தல, இன்னொரு தடவை" என்பார் முதலாளி. அந்தக் கை மறுபடியும் வரும். அதற்காகத்தான் அத்தனை அடமும்.

"ஒரே தடவையில சாத்திக்கிட்டா என்ன குறைஞ்சிடுவ?" என்று கேட்டது வலது கதவு.

"உனக்கென்ன, உன்னைத் தொட தினமும் ஆள் இருக்கு" என்றது இடது கதவு.

ஒருநாள் முதலாளியின் தோழி யாழினி வந்தாள். மெல்லச் சாத்தினாள், விழவில்லை. ஓங்கிச் சாத்தினாள்.

"உடைச்சிடாத!" என்று கத்தினார் முதலாளி.

"மெல்லவும் சாத்தணும், நல்லாவும் சாத்தணும்னா எப்படிடா? நான் ஆட்டோவுலயே போய்க்கிறேன்." இறங்கிப் போய்விட்டாள்.

முதலாளி சுற்றி வந்து கோபத்தில் கதவை அறைந்து சாத்தினார். பயத்தில் இடது கதவு ஒரே அடியில் சாத்திக்கொண்டது.

அதன்பின் அந்த இருக்கையில் முதலாளியின் பைதான் உட்கார்ந்து வந்தது. அதுவும் வலது பக்கமாகவே ஏறி, வலது பக்கமாகவே இறங்கியது.

"இனிமே விரல் பட்டாலே சாத்திக்குவேன், பாரேன்" என்று இடது கதவு தினமும் சொல்லும்.

முதலில் யாராவது திறக்க வேண்டுமே என்று வலது கதவுக்கு வாய்வரை வரும். சொல்லாது.