பக்கத்து அறை

குடியை விட நினைப்பவர்கள் கூடும் இடம் எது என்று கேரளத்துப் பாலா ஊரின் ஆட்டோ நிலையத்தில் எல்சி விசாரித்தாள்.

“புருஷனுக்கா சேச்சி?” ஓட்டுநர் சிரித்தான்.

“வழியை மட்டும் சொல்லு.”

சர்ச் கூடத்தில் ஆண்கள் நிறைந்திருந்தார்கள். குடியை விட்டுப் பேர்வாங்கிய ஜோஸ்குட்டி, “மறைக்கிறவன் மீளமாட்டான். வெட்கப்படாம சொல்லுங்க!” என்று முழங்கிக்கொண்டிருந்தார்.

எல்சியைக் கண்டதும் பதறினார். “பொண்டாட்டிமார் கூட்டம் பக்கத்து அறையில.”

அவள் நகரவில்லை. “எனக்காகத்தான் வந்தேன். என் பேரு எல்சி. நான் குடிக்கிறவ.”

ஜோஸ்குட்டி வாசலைக் காட்டினார்.

“வெளியே போ!”

“போகமாட்டேன். மறைக்காதேன்னு ஊருக்கெல்லாம் சொல்லிட்டு, கூட்டம் எங்கேன்னு கேட்ட சொந்தப் பொண்டாட்டி என்னை, மானம் போயிடும்னு வீட்டுக்குள்ளேயே ஒளிச்சு வச்சது நீங்கதானே?”

முன்வரிசைக்காரர் ஒருவர் எழுந்து தன் நாற்காலியை அவள் பக்கம் தள்ளினார்.

“உட்காரு மோளே.”